ஆறு மணிக்கு மூடும் கதவு

என் தம்பி டென்சிலுக்கு எதையும் திறந்துவைக்கத் தெரியாது. காரைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பான், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பான். கோழிக்கூண்டுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். கோழிகூட அவனைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் பெங்கெல்லி குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தக் குணம் கிடையாது. இது சுரங்கம் கொடுத்த குணம்.

எங்கள் ஊர் ப்ரோக்கன் ஹில்லில் பாதிப் பேரைப் போல அவனும் சுரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவன். எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு இயந்திரத்தில் கைவைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, அந்த விசையில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. அவனவன் பூட்டை அவனவன்தான் கழற்ற வேண்டும். பூட்டுப் போடாமல் கைவைத்த ஒருத்தன் என்ன ஆனான் என்பதை டென்சில் கிட்ட நின்று பார்த்திருக்கிறான். அதற்கப்புறம் அவன் எதைப் பூட்டினாலும் நான் கிண்டல் செய்வேனே தவிரத் திட்டியதில்லை.

திட்டியது அவன் மனைவி ரெனே. அவள் திட்டியது வேறொரு விஷயத்துக்கு. இவன் எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து போகிறவன். பிறந்தநாள் கேக்கில் கத்தி வைத்திருப்பார்கள், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றுவிட்டது என்று போன் வரும், போய்விடுவான். பள்ளிக்கூட விழாவில் முதல் பாட்டு வரைக்கும் இருப்பான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, குடித்துவிட்டுச் சண்டை போட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க மாட்டான். ரெனே எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒரு கோடைகாலத்தில் மகளை அழைத்துக்கொண்டு கடலோரம் வொல்லொங்காங்கில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது ஸ்காட் என்று ஒருத்தனோடு இருக்கிறாள். நல்ல மனிதன்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

மகள் பெயர் மோர்வென்னா. நாங்கள் வென் என்று கூப்பிடுவோம். பதின்மூன்று வயது. அப்பனைப் போலவே கல்லுளிமங்கி. வாயைத் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடும் இரண்டு பேருக்கும். போனில் "ஸ்கூல் எப்படி?", "ம்." "சாப்பிட்டியா?", "ம்." அதோடு முடியும். போனை வைத்துவிட்டு இவன் வெளியே போய்க் கோழிக்குத் தீனி போடுவான், ஏற்கெனவே போட்ட தீனியின் மேலேயே.

அப்படியே போயிருக்கும். போன வருஷக் கடைசியில் அவளாகவே கேட்டாள்.

"அப்பா, எங்க கேமுக்கு நீ சர்வர் போட்டுத் தர்றியா? நீ எலக்ட்ரீஷியன்தானே."

எலக்ட்ரீஷியனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இவன் கேட்கவில்லை. "போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்கு ஓடிவந்து, சர்வர் என்றால் என்ன என்று என்னைக் கேட்டான். பள்ளிக்கூட கேன்டீனில் சாண்ட்விச் போடுகிறவளிடம்!

அந்த விளையாட்டில் ஒரு தீவு இருக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து அதில் வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம். இருட்டினால் கடலிலிருந்து நண்டு மாதிரி பெரிய பெரிய ஜந்துக்கள் ஏறி வரும், சுவரில் நின்று விரட்ட வேண்டும். அந்தத் தீவு யாராவது ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், மற்றவர்கள் அங்கே வந்து சேர வேண்டும், அதற்குத்தான் சர்வர் என்று பெயர். அந்த வீடு தன் வீடாக இருக்க வேண்டும் என்று டென்சில் முடிவுசெய்துவிட்டான். பெண்டாட்டி, பிள்ளை போன வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வரப்போகிறாள், கம்ப்யூட்டருக்குள்ளாவது. 

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து துணி துவைக்கும் அறையில் வைத்தான். அதற்கப்புறம்தான் ரவுட்டரோடு மல்லுக்கட்டு. ரவுட்டர் என்பது இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற காவல்காரன். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து யாராவது தட்டினால் திறக்க மாட்டான். "இந்த நம்பர் கதவைத் தட்டினா, துவைக்கிற ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பு" என்று அவனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்தக் கதவுக்கு போர்ட் என்று பெயர்.

சொல்லிவைத்தும் யாரும் வந்து சேரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இன்டர்நெட் கம்பெனிக்காரன் எங்கள் தெருவில் பாதி வீட்டை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தானாம். இவன் போன் போட்டு, மணிக்கணக்கில் பாட்டுக் கேட்டு, தனி முகவரி வாங்கினான். பிறகு ஒருநாள் கரன்ட் போய் வந்ததில் வீட்டுக்குள் இருக்கிற நம்பர்களெல்லாம் இடம் மாறிவிட்டன. கம்ப்யூட்டருக்கு இருந்த நம்பர் டிவிக்குப் போய்விட்டது. வென் வந்து தட்டினால் டிவி வாசலில் போய் நிற்கிறாள். அதையும் கண்டுபிடித்து, கம்ப்யூட்டருக்கென்று ஒரு நம்பரை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தான். அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! சுரங்கத்தையே அவன்தான் தோண்டினது போல.

பூட்டுகிற புத்தி எங்கே போகும்? வெளியாட்கள் நுழைகிற கதவு நாள் முழுக்கத் திறந்துகிடந்தால் அவனுக்குத் தூக்கம் வருமா?

"வேலை நடக்காதப்போ லைன் எதுக்குக்கா உயிரோட இருக்கணும்?" என்றான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தானாகத் திறந்து ஆறு மணிக்குத் தானாக மூடுகிற மாதிரி ரவுட்டரில் எழுதிவைத்தான். எழுதிவைத்ததை மறந்தும் போனான்.

நாலைந்து மாதம் சொர்க்கம்தான். வென்னும் அவளுடைய மூன்று தோழிகளும் இவனும். தீவில் ஒரு கலங்கரை விளக்கம் கட்ட ஆரம்பித்தார்கள். காதில் மாட்டிப் பேசுகிற கருவி இவனுக்கு ஆகாது. வாரம் முழுக்க சுரங்கத்தில் காதை மூடிக்கொண்டிருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாமாம். அதனால் எழுத்தில்தான் பேச்சு. "அப்பா, அந்தப் பக்கம்!" என்று அவள் எழுதுவாள், இவன் ஒற்றை விரலால் தட்டுவதற்குள் நண்டு வந்துவிடும். அஞ்சு மணி வாக்கில் பெண்கள் நீச்சலுக்குக் கிளம்புவார்கள். சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

குளிர்காலம் வந்தது. நீச்சல் நின்றது. பெண்கள் கூடுதல் நேரம் இருக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் கெட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரெனே எனக்குப் போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்தால் நல்ல சேதி இருக்காது.

"கெரென்சா, உன் தம்பி மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்."

"என்ன ஆரம்பிச்சான்?"

"வேற என்ன? பாதியில எழுந்து போறது. மூணு வாரமா பாக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆனா பொண்ணு ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டு அழுவுறா. கேட்டா, 'அப்பா எப்பவும் போலத்தான்'னு சொல்றா. அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்கறா."

"அவன் எங்கடி போறான்? ஞாயித்துக்கிழமை அவனுக்கு டியூட்டியே இல்லியே."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ பக்கத்துல இருக்கிறவ, நீ பாரு. ஜூலை லீவுக்கு அங்க வர்றதா இருந்தாள்ல, வரலங்கறா. ஸ்காட் வேற ஒரு சர்வர் எடுத்துக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கார். இந்த ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு தடவை பாக்கறேங்கறா. என்னவோ பெரிய அலை வருதாம், எல்லாரும் இருக்கணுமாம். அன்னிக்கும் உங்கப்பன் நடுவுல போனா அவ்வளவுதான்மா விட்டுடுன்னு நானே சொல்லிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு. உங்க டைம்."

ரெனே எங்கள் ஊர்க்காரி, அதனால் மறக்காமல் சொன்னாள். எங்கள் ஊர் இருப்பது நியூ சவுத் வேல்ஸில், கடிகாரம் ஓடுவது பக்கத்து மாநிலத்து அடிலெய்டு நேரத்தில். சிட்னியும் வொல்லொங்காங்கும் எங்களைவிட அரை மணி முன்னால் இருக்கும். சிட்னிக்காரன் எங்களுக்கு என்ன செய்தான், அவன் நேரத்தை நாங்கள் வைத்துக்கொள்ள? இங்கே கல்யாணமோ கருமாதியோ, எத்தனை மணிக்கு என்று சொன்னால் "எந்த டைம்?" என்று கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை தடவை கொடுத்தாலும் கைநழுவ விடுவானா ஒருத்தன்? முதல் தடவை பம்பு. இப்போது என்ன, பீர் குடிக்கிற 'பப்'பா? ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து போகாமல் தலைமேல் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மழுப்புவான்.

மூன்று மணிக்கு முன்னாலேயே கறி அடைத்துச் சுட்ட பேஸ்டியும், கேரட்டும் சீஸும் துருவிப் பிசைந்த சீஸ் ஸ்லா ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, கொக்கியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டேன். மேஜைமேல் இருந்த அவன் போனை எடுத்து ரொட்டி டப்பாவுக்குள் வைத்தேன்.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமை அதுவுமா?" என்றான், கூடத்தில் தான் விளையாடுகிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே.

"தம்பியப் பாக்க நாள் பாத்துட்டா வரணும்? நீ உன் வேலையப் பாரு. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

மூன்று மணிக்குத் திரையின் ஓரத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாலு பெண்கள், டென்சில், ஆக ஐந்து. கலங்கரை விளக்கம் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கல், மேலே சிவப்பு மூடி. பெரிய அலை வந்தால் சுவரில் ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலங்கரை விளக்கமே விழுந்துவிடும் என்று டென்சில் சொன்னான். விழுந்தால் திரும்பக் கட்ட இன்னொரு ஐந்து மாதம்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றான். பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை. ஐந்து மணி தாண்டியதும் கழுத்து விறைத்தது. அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எனக்கு அடுப்பில் எண்ணெய் ஊற்றினது போல் இருந்தது. இதோ, கிளம்பப் பார்க்கிறான்.

"என்னடா மணி பாக்கற? எங்க போகணும்?"

"எங்கயும் போகல."

"பின்ன?"

அவன் திரும்பாமலே சொன்னான். "இன்னும் கொஞ்ச நேரத்துல போயிடுவாங்கக்கா. நாலு பேரும். சொல்லிவெச்ச மாதிரி ஒரே சமயத்துல. மூணு வாரமா அப்படித்தான். ஒரு வார்த்தை சொல்றது கிடையாது. நான் மட்டும் சுவத்து மேல நின்னுக்கிட்டிருப்பேன்."

"அவங்க போறாங்களா, நீ போறியா?"

"நானா? நான் எங்க போறேன்?"

"எனக்குக் காது குத்தாத. ரெனே போன் பண்ணா. பொண்ணு அழுவுறாளாம், அப்பா நடுவுல போயிடறாருன்னு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "அக்கா, போன வாரம் அவங்க போனப்புறம் ஒரு மணி நேரம் நான் ஒத்தையா நண்டு விரட்டினேன். சுவரெல்லாம் ஒடைஞ்சுபோச்சு. அப்புறம் அவ மெசேஜ் அனுப்பினா, 'எப்பவும் போலத்தான்'னு. நான் விளையாடத் தெரியாதவன்னு கிண்டல் பண்றா. பண்ணட்டும். பெரிய பொண்ணாயிட்டா, கெழவனோட எதுக்கு விளையாடணும்? வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்ல."

நான் நம்பவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டுப் பைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் திரையில் கடல் பின்வாங்கியது. மணியடிக்கிற சத்தம். "எல்லாரும் சுவருக்கு!" என்று வென் எழுதினாள். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். இருட்டில் நண்டுகள் ஏற ஆரம்பித்தன, பத்து, இருபது, எண்ண முடியாத அளவுக்கு. டென்சிலின் விரல்கள் பறந்தன. "அப்பா, இடது பக்கம், நான் இருக்கேன்" என்று அவள் எழுதினாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் ஓடினான்.

வெளியே நிஜமாகவே இருட்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஆறைத் தொட்டது. அஞ்சரை.

திரையில் நாலு பேர் அணைந்தார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக இல்லை, ஒரே இமைப்பில். ஓரத்தில் இருந்த பெயர்களும் போயின. சுவர் முழுக்க நண்டு, நடுவில் டென்சில் மட்டும்.

"பாத்தியா" என்றான். சத்தமே இல்லை. அவன் கை கீபோர்டில்தான் இருந்தது. சாவி என் பையில்தான் இருந்தது.

 நான் அவனைச் சந்தேகப்பட்டேன், அது வேறு. ஆனால் அந்தக் குட்டிப் பெண்ணா இப்படிச் செய்வாள்? என் போனை எடுத்து அவளுக்கு அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன அத்தை?" குரல் அழுகையில் நனைந்திருந்தது.

"ஏன்டி சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்க? உங்கப்பன் இங்க ஒத்தையா நிக்கறான்."

"நாங்க போனோமா? அவருதான் மூடிட்டாரு! இன்னிக்குமா அத்தை? இன்னிக்குமா? திரும்ப வரலாம்னு பாத்தா சர்வரே இல்லேங்குது. எல்லாரும் என்னத்தான் திட்டறாங்க, உங்கப்பா ஏன் இப்படிப் பண்றாருன்னு."

"அவன் எதையும் மூடலடி. மத்தியானத்துலேருந்து என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான். ஒண்ணுக்குக்கூட எழுந்து போகல."

"பொய் சொல்லாதீங்க. ஒவ்வொரு வாரமும் கரெக்டா ஆறு மணிக்கு மூடிடறாரு. எங்கயாவது போகணும் அவருக்கு. எப்பவும் போலத்தான்."

டென்சில் கீபோர்டை விடாமல் போன் பக்கம் தலையைச் சாய்த்தான். "ஆறு மணியா? வென், மணி இன்னும் ஆறாகலம்மா. அஞ்சரைதான் ஆகுது."

"இங்க ஆறு."

டென்சில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். திரையில் நண்டுகள் சுவரைச் சுரண்டின.

"ஐயோ" என்றான் டென்சில். "சிட்னி!"

"என்னடா சிட்னி?"

"ரவுட்டர்க்கா. அதுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. மாநிலம் கேட்டுச்சு, நியூ சவுத் வேல்ஸ்னு போட்டேன். அதுவா சிட்னி டைம எடுத்துக்கிச்சு. நான் ஆறு மணிக்குக் கதவ மூடுன்னு சொல்லியிருக்கேன். அதோட ஆறு, நம்ம அஞ்சரை. வெளியிலேருந்து வர்றவங்களுக்குத்தான் கதவு. நான் வீட்டுக்குள்ளயே இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியல."

கைக்கடிகாரம், அடுப்பு, கார், போன் எல்லாவற்றிலும் எங்கள் நேரம் வைத்திருக்கிறவன். சிட்னி நேரத்தைச் சொன்ன ஒரு பேங்க்காரனோடு சண்டை போட்டவன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சிட்னியைக் கொடுத்திருக்கிறான். இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்காவது இப்படி ஒரு முட்டாள்தனம் வாய்க்குமா? மூன்று மணிக்குத் திறக்கச் சொன்னால் அது ரெண்டரைக்கே திறந்திருக்கும், அதனால் ஆரம்பத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மாத்துடா, உடனே மாத்து" என்றேன்.

"மாத்தணும்னா துவைக்கிற ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகணும். நான் எழுந்தா சுவரு போயிடும்." அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, நீ உக்காரு."

"நானா? எனக்கு டிவி ரிமோட்டே தகராறு!"

"இந்த நீளக் கட்டைய அமுக்கிக்கிட்டே இரு. இந்த அம்புல நட. கீழ விழுந்துடாத, அவ்வளவுதான்!"

ஓடினான். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது பிரசவத்தில்தான். நீளக் கட்டையை அமுக்கினேன். திரையில் இருந்த என் தம்பி கோடாரியைக் காற்றில் வீசினான். நண்டு வேறு பக்கம் இருந்தது. திரும்பினேன், நண்டும் திரும்பியது.

"அத்தை, என்ன சத்தம்? யாரு விளையாடறது?" என்றாள் வென் போனில்.

"நான்தான்டி! ஒண்ணு என் கால்ல ஏறுது!"

"அது கால்ல ஏறினா குதிக்கணும்! குதிங்க அத்தை!"

"அறுபது வயசுல என்னடி குதிக்கறது!"

அழுதுகொண்டிருந்தவள் தும்மல் போல ஒரு சிரிப்புச் சிரித்தாள். துவைக்கும் அறையிலிருந்து டென்சில் கத்தினான். "வென், கேக்குதா? கடிகாரத்த மாத்தினா ரவுட்டர் அணைஞ்சு திரும்ப வரும், நேரமாகும். வேற வழி பண்றேன். ஆறுங்கறத ஏழுன்னு போடவா? எட்டுன்னு போடவா?"

 அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நேரமே எதுக்குப்பா போட்ட?"

"பாதுகாப்புக்கும்மா. வெளியாளு யாராவது..."

"நாங்களா?"

நான் எதிர்பார்க்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.  என்னால் எழுந்து போய் அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, இருபது நண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டிப் பழகிய கை, அவ்வளவு சுலபமாகத் திறக்க வராது. துவைக்கும் அறைக் கீபோர்டில் சில தட்டு. இன்னும் ஒரு தட்டு.

"எடுத்துட்டேன்" என்றான். "மூடற நேரம்னு ஒண்ணும் இல்ல இப்ப. வா."

அந்த நேரம் பார்த்து இடது பக்கச் சுவர் உடைந்தது. கலங்கரை விளக்கம் முதலில் சாய்ந்தது, பிறகு சிவப்பு மூடி உருண்டது, பிறகு முழுசாகக் கடலுக்குள் போனது. "போச்சுடா!" என்று நான் தலையில் கைவைத்தேன். டென்சில் கதவருகில் வந்து நின்றான். ஐந்து மாத உழைப்பு. அவன் அதைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயர் வரவில்லை.  போனில் அவள் யாரோடோ பேசுவது கேட்டது. தோழிகள் ஸ்காட் எடுத்துவைத்திருந்த புது சர்வருக்குப் போய்விட்டார்களாம், இவளையும் கூப்பிடுகிறார்களாம். "நீங்க விளையாடுங்க" என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு ஓரத்தில் ஒரு பெயர் வந்தது. ஒன்றே ஒன்று.

உடைந்த கல்லுக்கு நடுவில் அவள் வந்து நின்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், டென்சில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் முதுகோடு முதுகு நின்று மிச்சமிருந்த நண்டுகளை விரட்டினார்கள். போன் மேஜைமேல் அப்படியே ஸ்பீக்கரில் இருந்தது. இந்தத் தடவை எழுத்து வேண்டியிருக்கவில்லை.

"ஏன்ப்பா நீ கேக்கவே இல்ல? ஏன் போனீங்கன்னு?"

"கேட்டா, ஆமாப்பா, நீ போர்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"நானும் அதனாலதான் கேக்கல. உனக்கு வேற வேலை இருக்குன்னு சொல்லிடுவன்னு."

எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு வாய் வார்த்தை கேட்காமல் மூன்று வாரம் போச்சு, ஐந்து மாதத்துக் கலங்கரை விளக்கமும் போச்சு! ஆனால் என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதனால் பேஸ்டியைச் சூடாக்குகிற சாக்கில் அடுப்பங்கரைக்குப் போனேன். அவன் போனை ரொட்டி டப்பாவிலிருந்து எடுத்தேன். கார் சாவியைக் கொக்கியில் மாட்டினேன்.

திரும்பி வந்தபோது நண்டெல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு பேரும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ரெனே சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. டென்சிலின் கை நின்றது. பெயர் இப்போது போய்விடும் என்று அவன் உடம்பு பழகியிருந்தது.

"அப்பா, அம்மா கூப்பிடறாங்க. நான் சாப்பிட்டுட்டு வரேன். கதவு திறந்துதானே இருக்கும்?"

"இருக்கும்மா."

"அப்புறம், அடுத்த மாசம் அந்த ரயிலு அங்க எத்தனை மணிக்கு வரும்? உங்க டைம்ல சொல்லு."

அவன் என் பக்கம் திரும்பினான்.  நான்தான் சொன்னேன், திங்கட்கிழமை சாயங்காலம், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டு நடுவுல போயிட மாட்டாரே?" என்று கேட்டாள். கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்கு அடியில் அவள் நிஜமாகவே காத்திருந்தாள்.

என் தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். போனில் அது தெரியாதே.

"தலைய ஆட்டறான்டி" என்றேன். "அழுதுக்கிட்டே ஆட்டறான். நிப்பான்."